பாத்திரம் திட்டத்தை மீறினால் யார் பேச்சைக் கேட்பது?

கதைநெசவு எழுதியது:

வணக்கம். ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தொடங்கும் முன்பே அத்தியாயவாரியாக அவுட்லைன் போட்டு வைத்துக்கொண்டேன். கதை சுருக்கமாக இதுதான். அக்கா, தம்பி இரண்டு பேர். அப்பா இறந்துபோகிறார். வீடு முழுவதையும் தம்பி பேருக்கு எழுதி வைத்ததாக ஒரு பத்திரம் வெளியே வருகிறது. அதில் இருக்கும் அப்பாவின் கையெழுத்து தம்பி போட்டது. அக்காவுக்கு அது தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தேகம் வளர்ந்து, இருபதாம் அத்தியாயத்தில் கண்டுபிடிக்கிறாள். அங்கிருந்து கடைசி வரை மோதல்.

ஆறாம் அத்தியாயத்தில் தம்பி அந்தப் பத்திரத்தை அக்கா கையில் கொடுக்கிறான். திட்டப்படி அவள் வாசித்துவிட்டு அழ வேண்டும், அப்பா தன்னை மறந்துவிட்டார் என்று நம்ப வேண்டும். எழுதிக்கொண்டே போகும்போது அவள் பார்வை கையெழுத்தில் போய் நின்றது. நின்றதும் எனக்குப் புரிந்துவிட்டது, இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று. கடைசிக் காலத்தில் அப்பாவுக்குத் துணையாக வங்கிக்குப் போய் வந்தவள் அவள்தான். அவர் கையெழுத்து அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பத்திரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “நீ எப்ப கிளம்பறே?” என்று மட்டும் கேட்டாள்.

இதுவரை எழுதியதில் இதைவிட நல்ல வரி இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டால் ஏழிலிருந்து இருபது வரை போட்ட திட்டம் அப்படியே சரிகிறது. அவள் சந்தேகப்படும் படிகள், பழைய கடிதம் கிடைப்பது, வக்கீலைப் பார்ப்பது, எதற்கும் வேலை இல்லை. இப்படி ஒரு நிலை வந்தால் நீங்கள் எதை விடுவீர்கள்? திட்டத்தையா, வரியையா?

—

நடுநிசி எழுதியது:

திட்டத்தை விடுங்கள், தங்கச்சி. இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை.

நாவல் எழுத உட்காரும் முன்பு உங்களுக்கு அந்த அக்காவைத் தெரியாது. அவள் பெயரும் வயதும் தெரியும், அவ்வளவுதான். ஐந்து அத்தியாயம் அவளோடு இருந்த பிறகுதான் அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிகிறது. அவளைத் தெரியாத காலத்தில் போட்ட திட்டத்துக்கு, அவளைத் தெரிந்தபின் எதற்குக் கட்டுப்பட வேண்டும்?

அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் 2000ல் வெளியான தன் எழுத்து அனுபவ நூலில் கதைத்திட்டத்தை நம்பவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார். ஒரு சூழ்நிலையில் பாத்திரங்களை நிறுத்திவிட்டு, அவர்கள் அதிலிருந்து எப்படி வெளியே வருகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவர் வழி. டோல்கீன் இன்னும் நல்ல உதாரணம். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் விடுதியின் மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்த மர்ம ஆள் யாரென்று அந்தக் காட்சியை எழுதும்போது தனக்கே தெரியாது என்று 1955ல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். அந்த ஆள்தான் கடைசியில் அரசனாகிறான். மூன்று பாகத்தையும் தாங்கும் பாத்திரம் முதலில் பெயர் தெரியாத ஒருவனாகத்தான் உள்ளே வந்தான்.

எழுதும்போது எனக்கே வியப்பாக இல்லாத இடத்தில் வாசகருக்கு வியப்பு வருவதில்லை. நான் இருபது வருஷமாக நம்பி எழுதுவது இதை வைத்துத்தான்.

—

துப்பு எழுதியது:

நடுநிசி சார், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் இதை எல்லாக் கதைக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது.

நான் எழுதுவது துப்பறியும் கதை. கொலை யார் செய்தது, எப்படிச் செய்தது, எங்கே தடயம் விட்டது என்று தெரியாமல் நான் முதல் பக்கத்தையே எழுத முடியாது. ஏனென்றால் துப்பறியும் கதையில் இரண்டு கதை ஓடுகிறது. ஒன்று, குற்றம் நடந்த கதை. அது புத்தகம் தொடங்கும் முன்பே முடிந்துபோயிருக்கும். இன்னொன்று, அதைக் கண்டுபிடிக்கும் கதை. வாசகர் படிப்பது இரண்டாவதை. ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் முதலாவதுதான் தீர்மானிக்கிறது. வாசகர் கண் முன்னாலேயே தடயத்தை வைக்க வேண்டும், அவர் அதைத் தாண்டிப் போக வேண்டும், கடைசியில் திரும்பிப் பார்த்தால் அது அங்கேயே இருந்திருக்க வேண்டும். இது தற்செயலாக அமையாது. முடிவைக் கண் முன்னே வைத்துக்கொண்டுதான் கதையைக் கட்ட வேண்டும் என்று எட்கர் ஆலன் போ 1846லேயே கட்டுரை எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். திட்டம் என்றால் உணர்வில்லாத வேலை என்று யாராவது நினைத்தால் அகதா கிறிஸ்டியின் குறிப்பேடுகளைப் பற்றிப் படிக்க வேண்டும். எழுபதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. 2009ல் அவற்றைப் பற்றிப் புத்தகமே வந்தது. ஒரே கதைக்கு ‘இவர் செய்திருக்கலாமா, அவர் செய்திருக்கலாமா’ என்று மாற்றி மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறார். ஒரு குறிப்பேட்டில் பாதிப் பக்கம் ஒரு நாவலுக்கு, அடுத்த பாதி வேறொரு நாவலுக்கு, நடுவில் வீட்டுக் கணக்கு. நடுநிசி சார் அத்தியாயத்துக்குள் அலைந்து தேடுவதை அவர் குறிப்பேட்டுக்குள் அலைந்து தேடியிருக்கிறார். வேறுபாடு இடத்தில்தான்.

—

நடுநிசி எழுதியது:

அந்தக் கடைசி வரியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் எழுதுவது துப்பறியும் கதை இல்லையே?

—

துப்பு எழுதியது:

மறைக்கப்பட்ட ஒரு குற்றம், அதைக் கண்டுபிடிக்கும் ஒருத்தி. பாதி துப்பறியும் கதைதான், சார்.

—

காட்சியட்டை எழுதியது:

நான் திரைக்கதை எழுதுகிறவன். எங்கள் வேலையில் இந்தக் கேள்விக்கு இடம் குறைவு. காட்சி எழுதும் முன்பே பலரிடம் கதை சொல்லி ஒப்புதல் வாங்கியிருப்போம். ‘ஆறாவது சீனில் அக்கா வேறு மாதிரி நடந்துகொண்டாள், அதனால் படத்தை மாற்றுகிறேன்’ என்று போய்ச் சொல்ல முடியாது.

அதனால்தான் அட்டைகள். ஒரு காட்சிக்கு ஒரு அட்டை, சுவரில் ஒட்டி, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்போம். கிறுக்குத்தனமான யோசனை எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் வர வேண்டும். வரவும் செய்யும். அட்டையைக் கிழித்தால் நஷ்டம் இல்லை. எழுதிய காட்சியைக் கிழிக்க மனசு வராது.

கதைநெசவு, உங்களுக்கு யாரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

—

மெய்ப்பு எழுதியது:

பதிப்பாசிரியராக மற்றவர்கள் எழுதிய கையெழுத்துப் பிரதிகளைத்தான் அதிகம் படிக்கிறேன். அந்த இடத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

‘திட்டமா, போகிற போக்கா’ என்று கேட்டால் எல்லோரும் தங்கள் சுபாவத்தைத்தான் பதிலாகச் சொல்வார்கள். நாவலாசிரியர் ஜார்ஜ் மார்ட்டின் எழுத்தாளர்களை, முழுத் திட்டத்தோடு தொடங்கும் கட்டடக் கலைஞர், விதைத்துவிட்டு எப்படி வளர்கிறது என்று பார்க்கும் தோட்டக்காரர் என்று இரண்டாகப் பிரித்ததிலிருந்து ‘நான் இந்தக் கட்சி’ என்று சொல்லிக்கொள்வது இன்னும் சுலபமாகிவிட்டது. எனக்கு அந்தப் பிரிவினையில் நம்பிக்கை இல்லை. திட்டத்தில் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

என் மேசைக்கு வரும் அவுட்லைன்களில் பெரும்பாலும் நிகழ்ச்சிகள்தான் இருக்கும். ‘ஏழாம் அத்தியாயம்: கடிதம் கிடைக்கிறது. எட்டாம் அத்தியாயம்: வக்கீலைப் பார்க்கிறாள்.’ இப்படிப்பட்ட திட்டம் பாத்திரத்தின் கழுத்தைப் பிடித்து நடத்தும். கடிதம் கிடைத்தாக வேண்டும் என்பதால் அவள் அலமாரியைத் திறப்பாள். அவளுக்கு அன்றைக்கு அலமாரியைத் திறக்க ஒரு காரணமும் இருக்காது. வாசகர் அதைச் சொல்லத் தெரியாவிட்டாலும் உணர்ந்துவிடுவார்.

இன்னொரு வகைத் திட்டம் உண்டு. அதில் நிகழ்ச்சி இருக்காது, அழுத்தம் இருக்கும். அக்காவுக்கு என்ன வேண்டும்? எதற்குப் பயப்படுகிறாள்? தம்பி எதை மறைக்க எவ்வளவு தூரம் போவான்? இருவருக்கும் இடையில் தீராமல் கிடக்கும் பழைய கணக்கு எது? இவ்வளவும் தெரிந்தால், எந்தக் காட்சியில் அவர்களை எதிரெதிரே உட்கார வைத்தாலும் ஏதாவது நடக்கும். என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கத் தேவையில்லை.

இப்போது கதைநெசவின் காட்சிக்கு வருவோம். அவர் திட்டத்தில் ‘அக்கா அழுகிறாள்’ என்று நிகழ்ச்சி இருந்தது. அவருடைய மனதில், எழுதி வைக்காமல், ‘அப்பாவுக்குத் துணையாக வங்கிக்குப் போனவள்’ என்ற உண்மை இருந்தது. காட்சிக்குள் போனதும் உண்மை நிகழ்ச்சியைத் தள்ளிவிட்டது. இதை நான் திட்டம் மீறப்பட்டதாகப் பார்க்கவில்லை. கதையின் ஆழத்தில் இருந்த ஒழுங்கு மேலே இருந்த ஒழுங்கை வென்றிருக்கிறது. அந்த வரி எங்கிருந்தோ வந்தது போலத் தோன்றும், ஆனால் அவளைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்துதான் வந்தது.

அதனால், திடீரென்று ஒரு யோசனை வந்தால் அதை ஏற்கலாமா என்பதற்கு நான் கேட்கும் கேள்வி இது: இது பாத்திரத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததிலிருந்து வருகிறதா, அல்லது எழுதுகிறவருக்குச் சலிப்பு வந்ததால் வருகிறதா? நடுவில் திடீரென ஒரு விபத்து, எங்கிருந்தோ ஒரு பழைய காதலன், யாரோ கதவைத் தட்டுவது. இவை பெரும்பாலும் இரண்டாம் வகை. இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு நிகழ்ச்சிக்குப் பின் இன்னொன்று நடப்பதற்கும், ஒன்றினால் இன்னொன்று நடப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் சொல்லிவிட்டார். ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927ல் அதையே ராஜா, ராணி உதாரணத்தில் சொன்னார்: ராஜா இறந்தார், பிறகு ராணியும் இறந்தாள் என்றால் கதை, துக்கத்தால் இறந்தாள் என்றால் கதைப்பின்னல். உங்கள் அத்தியாயங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் ‘அப்புறம்’ வந்துகொண்டே இருந்தால் எங்கோ தளர்ந்திருக்கிறது. ‘அதனால்’, ‘ஆனாலும்’ என்று வந்தால் பிடிப்பு இருக்கிறது. அக்காவின் மௌனத்தைப் போட்டுப் பாருங்கள். கையெழுத்து தெரிந்துவிட்டது, ஆனாலும் பேசவில்லை, அதனால் தம்பி தப்பித்தோம் என்று நினைக்கிறான். எவ்வளவு பிடிப்பாக இருக்கிறது!

—

நடுநிசி எழுதியது:

மெய்ப்பு மேடம் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒரு இடத்தில் மட்டும் தயக்கம்.

‘அவளுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறாள்’ என்பதை முன்கூட்டி எழுதி வைப்பதும் ஒரு பூட்டுதான். பயிற்சி வகுப்புகளில் பாத்திரக் குறிப்பு என்று பக்கம் பக்கமாக நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பி முடித்ததும் அந்தப் பாத்திரம் ஒரு விண்ணப்பப் படிவம் போல ஆகிவிடுகிறது. தாஸ்தயேவ்ஸ்கி 1867ல் ‘இடியட்’ நாவலுக்குக் குறிப்பு மேல் குறிப்பாக எழுதினார். அதில் நாயகன் கர்வமும் மூர்க்கமும் பிடித்தவன். அந்த வருஷக் கடைசியில் எழுதிய வரைவை எல்லாம் தள்ளிவிட்டு, நேர் எதிராக, கள்ளமில்லாத ஒரு நல்ல மனிதனை நடுவில் வைத்துப் புதிதாகத் தொடங்கினார். 1868 ஜனவரியில் முதல் அத்தியாயங்கள் பத்திரிகையில் வந்துவிட்டன. மேற்கொண்டு கதை எப்படிப் போகும் என்று அப்போது அவருக்கே முழுசாகத் தெரியாது. அந்தக் குறிப்புகளைக் கெட்டியாகப் பிடித்திருந்தால் அந்த நாவல் நமக்குக் கிடைத்திருக்காது.

—

மெய்ப்பு எழுதியது:

சரிதான். ஆனால் அந்தக் குறிப்புகளை எழுதியிருக்காவிட்டால், வேண்டாதது எது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? தள்ளிவிட்ட திட்டமும் வேலை செய்த திட்டம்தான்.

படிவம் போன்ற பாத்திரக் குறிப்பு எனக்கும் பிடிக்காது. பிடித்த நிறம், பிறந்த நட்சத்திரம் எல்லாம் கதைக்கு எதற்கு? ஒரு ஆசை, ஒரு பயம், யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம். இந்த மூன்றும் போதும். அவையும் பென்சிலில் இருக்கட்டும்.

—

வாரத்தொடர் எழுதியது:

தொடர்கதை எழுதுகிறவன் என்ற முறையில் என் அனுபவம் உங்கள் எல்லோருடையதிலிருந்தும் கொஞ்சம் வேறு. வெளிவந்த அத்தியாயத்தைத் திருத்த முடியாது. ஐந்தாம் வாரம் சொன்ன சொல்லுக்கு ஐம்பதாம் வாரமும் நான் கட்டுப்பட்டவன். அதே நேரம் ஐம்பது வாரத்தையும் முன்கூட்டியே கட்டி வைத்தால் எனக்கே எழுதச் சுவாரஸ்யம் போய்விடும்.

இதற்கு டிக்கன்ஸ் ஒரு வழி வைத்திருந்தார். 1846ல் தொடங்கிய ‘டோம்பி அண்ட் சன்’ நாவலிலிருந்து, மாத வெளியீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். தாளை நடுவில் பிரித்து, வலது பக்கம் அந்த மாதத்து அத்தியாயங்கள். இடது பக்கம்தான் முக்கியம். அதில் தனக்குத் தானே கேள்விகள் எழுதிக்கொள்வார். இன்னாரை இந்த மாதம் கொண்டு வரலாமா? இந்த ரகசியத்தைத் தொடலாமா? பக்கத்திலேயே பதிலும் இருக்கும்: ஆம், இல்லை, இன்னும் இல்லை. அந்தத் தாள்களில் பெரும்பாலானவை இன்றும் லண்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நான் அதையே கடைப்பிடிக்கிறேன். ‘இன்னும் இல்லை’ என்ற பதில்தான் எனக்கு அதிகம் உதவுகிறது. ஒரு யோசனையைக் கொல்லவும் வேண்டாம், அவசரப்பட்டுச் செலவழிக்கவும் வேண்டாம். திட்டம் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதிதாகப் பிறக்கிறது, ஆனால் பழைய வாக்குறுதிகள் எதிரே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

வாக்குறுதி என்றதும் இன்னொன்று. நான் நிகழ்ச்சிகளைப் பட்டியல் போடுவதில்லை, கடன்களைப் பட்டியல் போடுகிறேன். வாசகரிடம் எதையெல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன்? பூட்டிய அறை ஒன்றைக் காட்டினேன், அது ஒரு கடன். ஒருத்தி பதில் சொல்லாமல் எழுந்து போனாள், அது ஒரு கடன். எப்போது, எந்த வடிவத்தில் திருப்பித் தருவேன் என்பது என் சுதந்திரம். தராமல் போவது மட்டும் கிடையாது.

கல்கியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1950லிருந்து 1954 வரை வாராவாரம் வந்த பொன்னியின் செல்வனில், அருள்மொழிவர்மன் 985ல் ராஜராஜனாக முடிசூடியாக வேண்டும் என்பதை வரலாறு முன்பே எழுதிவிட்டது. அதில் கைவைக்க முடியாது. ஆனால் வந்தியத்தேவன்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்று ஒரு பெயர், அதைத் தாண்டி அதிகம் இல்லை. அந்த ஒற்றைப் பெயருக்குள் குறும்பு, பசி, பயணம், பொய், காதல் எல்லாவற்றையும் அவர் விருப்பம்போல் நிரப்பினார். அசையாத முடிவு ஒன்று இருந்ததால்தான் வழி நெடுக அவ்வளவு தாராளமாகத் திரிய முடிந்தது என்று நினைக்கிறேன்.

—

கதைநெசவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வரியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். இப்போது உண்மையான கவலை நடு அத்தியாயங்கள்தான். என் பழைய திட்டத்தில் வாசகரை இழுத்துக்கொண்டு போனது ‘இவள் எப்போது கண்டுபிடிப்பாள்’ என்ற கேள்வி. அது ஆறாம் அத்தியாயத்திலேயே தீர்ந்துவிட்டது. மீதியை எது இழுக்கும்? மோதலை முன்னுக்குக் கொண்டுவந்துவிடலாமா என்று யோசித்தேன். அவள் மௌனமாக இருப்பவள், உடனே மோத மாட்டாள்.

—

துப்பு எழுதியது:

இருபதாம் அத்தியாயத்தை அழிக்காதீர்கள், அக்கா. திருப்பிப் போடுங்கள்.

பழைய திட்டத்தில் அந்த இடத்தில் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது: தம்பி ஏமாற்றினான் என்று அக்கா கண்டுபிடிக்கிறாள். கண்டுபிடிப்பு அங்கேயே இருக்கட்டும். ஆள் மட்டும் மாறட்டும். அக்காவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்று தம்பி கண்டுபிடிக்கிறான்.

இதை யோசித்துப் பாருங்கள். பழைய வடிவத்தில் அவள் நிலைகுலைவாள். புதிய வடிவத்தில் அவன் நிலைகுலைவான். இத்தனை நாள் அவளிடம் பேசியது, அவளுக்குச் செய்த சின்னச் சின்ன உதவி, அவள் முன் அப்பாவை நினைத்து வடித்த கண்ணீர், எல்லாம் அவனுக்கு வேறு அர்த்தத்தில் திரும்பி வரும். வாசகருக்கு அவை முன்பே அந்த அர்த்தத்தில்தான் தெரிந்திருக்கும். ஏழிலிருந்து பத்தொன்பது வரை ஒவ்வொரு சாதாரணப் பேச்சும் கனமாகிவிடும். ‘எப்போது கண்டுபிடிப்பாள்’ போய், ‘ஏன் பேச மாட்டேன் என்கிறாள், எவ்வளவு நாள் தாங்குவாள்’ என்ற கேள்வி வரும். என்னைக் கேட்டால் இதுதான் பெரிய கேள்வி.

கடிதத்தையும் வீணாக்க வேண்டாம். அவளிடம் கிடைக்க வேண்டிய கடிதம் அவனிடம் கிடைக்கட்டும்.

—

நடுநிசி எழுதியது:

துப்பு, இது அற்புதமான யோசனை. திட்டம் போடுகிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கு மரியாதை கூடியிருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள், கதைநெசவு. அவள் ஏன் பேசவில்லை என்பதற்கான காரணத்தை இப்போதே முடிவு செய்துவிடாதீர்கள். உங்களுக்கு இரண்டு மூன்று காரணம் தோன்றும். தம்பி மேல் பாசம், சொத்தே வேண்டாம் என்ற வெறுப்பு, அப்பா மேல் கோபம். எல்லாமே நியாயமானவை, அதனாலேயே எல்லாமே முதலில் கைக்கு வருபவை. அவளைப் பன்னிரண்டு, பதின்மூன்றாம் அத்தியாயம் வரை கூட்டிக்கொண்டு போங்கள். அவளே சொல்வாள்.

—

துப்பு எழுதியது:

இங்கே நான் நடுநிசி சாரோடு உடன்படவில்லை. காரணம் தெரியாமல் அவளுடைய மௌனத்தை எழுதினால் அது வெறும் மர்மமாக, வாசகரை இழுத்தடிப்பதாக ஆகிவிடும். காரணம் தெரிந்தால்தான் அவள் எந்த இடத்தில் பேச வாயெடுத்து நிறுத்துவாள் என்று தெரியும்.

—

மெய்ப்பு எழுதியது:

இருவருக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. இப்போதைக்கு ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள், அதை வாசகரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். எழுதும்போது உங்களுக்குப் பிடிமானம் இருக்கும். வழியில் வேறொரு காரணம் அதைவிட உண்மையாகத் தோன்றினால் மாற்றலாம், ஏனென்றால் எங்கேயும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டீர்கள். முதல் வரைவில் ‘ஏன்’ என்பதை வெளிப்படையாக விளக்கும் பத்திகளைத் தவிர்த்தாலே பின்னால் திருத்துவது பாதி சுலபமாகும்.

—

புதுவரவு எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் சிறுகதைதான் எழுதுகிறேன். தொடக்கம் நன்றாக வருகிறது, நடுவில் நின்றுவிடுகிறது. திட்டம் போட்டால் எழுதும் ஆசையே போய்விடுகிறது. கதையை ஏற்கெனவே யாருக்கோ சொல்லி முடித்துவிட்ட மாதிரி இருக்கிறது. சிறுகதைக்கு இதெல்லாம் தேவையா?

—

காட்சியட்டை எழுதியது:

தம்பி, ஆசை போவது திட்டத்தால் இருக்காது, திட்டத்தை விரிவாக எழுதுவதால் இருக்கும். வசனம் வரை எழுதிப் பார்த்துவிட்டால் காட்சியில் செய்ய என்ன மிச்சம்? ஒரு வரியில் நிறுத்துங்கள். ‘இவன் மன்னிப்புக் கேட்க வருகிறான், கேட்காமல் போகிறான்.’ எப்படி வருகிறான், என்ன பேசுகிறான், எது தடுக்கிறது, எல்லாம் எழுதும்போது.

—

நடுநிசி எழுதியது:

சிறுகதையைத் திட்டம் இல்லாமலே முதல் வரைவு எழுதி முடித்துவிடலாம். நின்றுபோகும் இடத்தில் ‘அடுத்து என்ன நடக்கும்’ என்று கேட்காமல், ‘இந்த ஆள் இப்போது எதைச் சொல்லாமல் இருக்கிறான்’ என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்தக் கேள்விதான் பெரும்பாலும் கதவைத் திறந்திருக்கிறது.

—

மெய்ப்பு எழுதியது:

புதுவரவு, எழுதி முடித்த பிறகு திட்டம் போடலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். போகிற போக்கில் எழுதுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான். முதல் வரைவு முடிந்ததும் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி எழுதுங்கள். என்ன நடக்கிறது என்று வேண்டாம், காட்சியின் தொடக்கத்தில் இருந்ததிலிருந்து முடிவில் எது மாறியிருக்கிறது என்று எழுதுங்கள். யார் யாரை நம்புவது நின்றது, யாருக்கு என்ன தெரிந்தது, யார் கையிலிருந்து அதிகாரம் யார் கைக்குப் போனது. அந்த வரியை எழுத முடியாத காட்சி இருந்தால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் கதை அங்கே நின்றுகொண்டிருக்கிறது. இரண்டு காட்சிக்கு ஒரே வரி வந்தால் ஒன்று போதும்.

டோல்கீன் விஷயத்தில் நடுநிசி சார் சொல்லாமல் விட்ட பாதி இதுதான். அந்த மர்ம ஆள் யாரென்று தெரிந்தபின் அவர் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்குப் போய் எழுதினார். பழைய வரைவுகளில் அந்த ஆள் மனிதன்கூட இல்லை, மரச்செருப்பு போட்ட, ஹாபிட் என்னும் குட்டை இனத்தைச் சேர்ந்த ஒருவன். 1937 டிசம்பரில் தொடங்கியது 1954ல்தான் வெளிவரத் தொடங்கியது. தற்செயலாக உள்ளே வந்தவனை, முதல் பக்கத்திலிருந்தே எதிர்பார்க்கப்பட்டவன் போல ஆக்கியது அந்தத் திருத்தம்தான். நாம் அச்சில் படிப்பது எப்போதும் திருத்திய பிரதி. அதைப் பார்த்து இது திட்டமிட்டதா, தானாக வந்ததா என்று சொல்லவே முடியாது.

—

வாரத்தொடர் எழுதியது:

அந்த வசதிதான் எனக்கு இல்லை, மேடம். அதனால் நான் வேறொன்று செய்கிறேன். ஆரம்ப அத்தியாயங்களில் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பொருட்களையும் மனிதர்களையும் விட்டு வைப்பேன். சுவரில் ஒரு பழைய புகைப்படம், வந்து போகும் ஒரு பெரியம்மா. எதற்கென்று அப்போது தெரியாது. பின்னால் ஒரு திருப்பம் தோன்றும்போது ஆதாரத்தை அங்கேயிருந்து எடுத்துக்கொள்வேன். வாசகருக்கு முதலிலேயே திட்டமிட்டது போல இருக்கும். எடுத்துக்கொள்ளாதவை வெறும் சூழலாக நின்றுவிடும். கவனத்தை இழுக்காத மாதிரி வைக்க வேண்டும், அவ்வளவுதான். பூட்டிய அறையை அப்படி வைக்க முடியாது.

—

கதைநெசவு எழுதியது:

நேற்று இரவு உட்கார்ந்து பழைய அவுட்லைனை எடுத்தேன். நிகழ்ச்சிகளை எல்லாம் அடித்துவிட்டு மூன்று விஷயங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். இருபதில் தம்பிக்குத் தெரிய வேண்டும். கடைசி அத்தியாயம் அந்த வீட்டில்தான் நடக்க வேண்டும், வேறு யாரும் இருக்கக் கூடாது. நடுவில் ஒரு இடத்தில் அக்கா பேச வாயெடுத்து, அவன் ஏதோ நல்லது செய்ததால் பேசாமல் விட வேண்டும். மீதி இடமெல்லாம் காலியாக இருக்கிறது. துப்பு சொன்னபடி கடிதம் அவனிடம் போகிறது. வாரத்தொடர் சார் சொன்ன கடன் பட்டியலும் தொடங்கியாயிற்று. முதல் வரி, ‘நீ எப்ப கிளம்பறே?’

மௌனத்துக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறேன். நடுநிசி அண்ணாவுக்காக அதை இங்கே சொல்லவில்லை.

—

நடுநிசி எழுதியது:

சொல்லவே வேண்டாம். புத்தகத்தில் படித்துக்கொள்கிறேன்.

—

மெய்ப்பு எழுதியது:

ஏழாம் அத்தியாயத்துக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அப்பாவோடு வங்கிக்குப் போய் வந்தவள் என்பது இதுவரை எழுதிய அத்தியாயங்களில் எங்காவது வந்திருக்கிறதா? நீங்கள் இங்கே எங்களிடம் சொன்னீர்கள், வாசகரிடம் சொன்னீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டிலோ மூன்றிலோ அரைப் பக்கம் போதும். அவருக்குக் கை நடுங்குகிறது, கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள், அவள் பக்கத்தில் நின்று திரும்பப் போடச் சொல்கிறாள். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை அதிகம் வேண்டாம். அவர் நோயைப் பற்றிய காட்சி போலவே இருக்கட்டும்.

—

கதைநெசவு எழுதியது:

இல்லை, மேடம், எங்கேயும் வரவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் காட்சி ஒன்று இருக்கிறது. வரும் வழியில் வங்கிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தம்பி வெளியே வண்டியில் காத்திருக்கட்டும்.